திரையில்லா இயக்ககத்தின் ஆறு சீட்டுகள்

தான் உருவாக்கிய விளையாட்டைத் தானே தவறாக விளையாடுகிறாள் என்று சின்ன வகுப்பு டீச்சருக்குக் கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கடிதத்தில் பார்வை ஒன்று, பார்வை இரண்டு, பார்வை மூன்று என்று மூன்று பார்வைகள் இருந்தன. மூன்றும் அவளைத்தான் முறைத்தன.

தலைமை ஆசிரியர் அந்த உறையை, சூடான பாத்திரத்தைத் தள்ளுவதுபோல விரல் நுனியால் மேசையில் தள்ளினார்.

"எனக்கு எதுவும் தெரியாதும்மா. நான் பிரிச்சுக்கூடப் பாக்கல."

உறை பிரிக்கப்பட்டு மறுபடியும் ஒட்டப்பட்டிருந்தது. பசை இன்னும் காயவில்லை.

"நாப்பத்தொண்ணுதான் போட்டிருக்காங்க போல," என்றார், பிரித்துப் பார்க்காமலே.

நூற்றுக்கு நாற்பத்தொன்று. ஆண்டிறுதியில் இரண்டாம் ஆய்வு உண்டு. அதிலும் அறுபதுக்குக் கீழே போனால் இருபத்தாறு பிள்ளைகள் கொண்ட சின்ன வகுப்பு அவள் கையை விட்டுப் போகும். முறையாகப் பயிற்சி பெற்ற வேறொருவர் வந்து உட்காருவார். அவள் மத்தியக் கிடங்குக்குப் போய், விளையாட்டுப் பெட்டிகள் பிரிக்கப்படாமல் பத்திரமாக இருக்கின்றனவா என்று காவல் காக்க வேண்டும். பதினோரு வருடமாக ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டவள். அட்டைப்பெட்டிக்கு மூக்கு எங்கே இருக்கிறது?

விளையாட்டு பிறந்த கதை சின்னது. வகுப்பறைக் கூரை ஒழுகியது. ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. பிள்ளைகள் தினமும் அதில் இடறி விழுந்தார்கள். டீச்சர் தரையில் சாக்கட்டியால் கட்டங்கள் போட்டாள். ஒரு பிள்ளைதான் மெஷின். மெஷினுக்கு மூளை கிடையாது, சொன்னதை மட்டும் செய்யும். மற்றவர்கள் பழைய அட்டையில் வெட்டிய சீட்டுகளை வரிசையாக அடுக்கி, வாளியில் இடிக்காமல் மெஷினை ஜன்னல்வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். 'முன்னே' என்றால் ஒரு கட்டம். 'இடது', 'வலது' என்றால் ஒரு திரும்பல். 'நில்' என்றால் நிற்பது. ஒவ்வொன்றிலும் கை நிறையச் சீட்டுகள். அட்டைக்கா பஞ்சம்?

மெஷின் வாளியில் இடித்தால் யார்மேல் தப்பு என்பதுதான் பாடம். முதல் வாரம் எல்லோரும் சேர்ந்து மெஷினை மொத்தினார்கள். இரண்டாம் வாரம், எல்லோரும் வாயாடி என்று கூப்பிடும் பெண் குழந்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மெஷின் என்ன பண்ணும் பாவம். நாமதானே தப்பா அடுக்கினோம்," என்றாள். பெரிய படிப்புப் படித்தவர்கள் கணினி முன்னால் வருடக்கணக்கில் உட்கார்ந்து கற்றுக்கொள்வதை, அந்த வாண்டு ஒரு வாளியைச் சுற்றி வந்தே பிடித்துவிட்டது. டீச்சருக்கு அன்று சந்தோஷத்தில் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரம்தான் கூரை ஒழுகுவதைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். வாயைத் திறந்தால் சுற்றறிக்கை மாதிரியே பேசுவார் என்பதால் ஆசிரியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சுற்றறிக்கை. அவர் கூரையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். கைபேசியில் நாற்பது படம் எடுத்தார்.

"இதுக்கு என்ன பேரும்மா?"

"பேரெல்லாம் ஒண்ணும் இல்ல சார். வாளி விளையாட்டுன்னு சொல்லுவோம்."

"நல்லது," என்று சொல்லிவிட்டுப் போனார். கூரையைப் பற்றி அவர் தந்த அறிக்கை ஒரே வரி: ஒழுகல் கல்விப் பயன்பாட்டில் உள்ளது.

மூன்றே மாதத்தில், திரையில்லா நிரல் விளையாட்டு இயக்ககம் திறக்கப்பட்டது. நான்கு மாடிக் கட்டடம். பிள்ளைகளைத் திரையிலிருந்து காப்பாற்றுவதற்காக அங்கே இருநூறு பேர் காலையிலிருந்து மாலைவரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இயக்குநர் சுற்றறிக்கைதான். முகப்பில், சாக்கட்டிக் கட்டங்களுக்கு நடுவே அவர் முழங்காலிட்டுச் சிரிக்கும் படம் ஆளுயரத்துக்கு மாட்டப்பட்டிருந்தது. அழகு கெடுகிறது என்று படத்திலிருந்து வாளியை நீக்கியிருந்தார்கள். பிள்ளைகளையும் நீக்கியிருந்தார்கள்.

டீச்சரை, அவளுடைய விளையாட்டைக் கற்றுக்கொள்ள, ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஜன்னல்களை அடைத்த இருட்டு மண்டபம். சுவரகலத் திரையில் 'திரையில்லாமல் கற்பிப்பது எப்படி' என்று இருநூற்றுப் பதினான்கு படங்கள் ஓடின. கடைசி நாள் தேர்வு. ரோபோ, அதாவது மெஷினாக இருக்கும் பிள்ளை, அடி எடுத்து வைக்குமுன் அதற்கு முன்னால் என்ன இருக்க வேண்டும் என்பது முதல் கேள்வி. டீச்சர் 'இடம்' என்று எழுதினாள். சரியான விடை, 'இயக்குநரின் முன்னுரை'.

"தம்பி, இந்த விளையாட்டை முதல்ல ஆரம்பிச்சதே நான்தான்," என்று பயிற்சியாளரிடம் சொல்லிப் பார்த்தாள்.

கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய பயிற்சியாளர் பரிவோடு சிரித்தார். "நிறைய பேர் அப்படித்தான் மேடம் சொல்றாங்க, ஏற்கெனவே தெரிஞ்ச மாதிரி இருக்குன்னு. அதான் எங்க வடிவமைப்போட வெற்றி."

பிறகு பெட்டி வந்தது. சாக்கட்டிக் கட்டத்துக்குப் பதில் சுருட்டி வைத்த விரிப்பு ஒன்று. அழுக்காகும் என்பதால் ஆய்வு நாளில் மட்டும்தான் விரிக்க வேண்டும். அதில் போட்டிருக்கும் அம்பு வகுப்பறை வாசலைப் பார்த்திருக்க வேண்டும். சீட்டுகள் மொத்தம் ஆறு, வகைக்கு ஒன்று. ஒருமுறை பயன்படுத்திய சீட்டை உடனே உறையிலிட்டு, முத்திரை வைத்து, பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். அன்றைக்கு மறுபடி எடுக்கக் கூடாது. 'முன்னே', 'இடது', 'வலது', 'எடு', 'வை', 'பாராட்டு'.

டீச்சர் பெட்டியைக் கவிழ்த்து அடியில் தட்டிப் பார்த்தாள். 'நில்' விழவில்லை. கையேட்டின் முப்பத்தேழாம் பக்கத்தில் காரணம் இருந்தது. பதினொருவர் கொண்ட குழு மூன்று அமர்வுகளில் ஆராய்ந்து, 'நில்' என்பது வளரும் தலைமுறையின் ஊக்கத்தைக் குலைக்கும் எதிர்மறைச் சொல் என்று கண்டறிந்து, அதை நீக்கிவிட்டு 'பாராட்டு' என்பதைச் சேர்த்திருந்தது. அந்தச் சீட்டைக் காட்டினால் ரோபோ தனக்குத் தானே கை தட்டிக்கொள்ளும்.

வகுப்பில் திரை எதுவும் இல்லை என்பதற்குக் கால் மணிக்கு ஒருமுறை கைபேசியில் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்றும் இருந்தது. படமெடுக்கும் கைபேசியும் திரைதானே என்று ஏதோ ஒரு பள்ளியிலிருந்து கேட்டிருக்கிறார்கள். அதற்கு விளக்கம் வந்தது: படத்தில் அது தெரியாததால், அது வகுப்பறையில் இல்லை எனக் கொள்ளப்படும்.

இப்படி நடந்த முதல் ஆய்வில்தான் நாற்பத்தொன்று. குறைந்ததற்கான காரணங்களைக் கடிதம் அடுக்கியிருந்தது. ஆசிரியர் பாடவேளையில் வாய் திறந்தார், பத்து குறைவு. சிரிப்புக்குப் பன்னிரண்டாம் நிமிடம் ஒதுக்கப்பட்டிருக்க, குழந்தைகள் நான்காம் நிமிடத்திலேயே சிரித்தனர், பதினைந்து குறைவு. ஒரு குழந்தை, ஆய்வுக்கு வந்த பயிற்சியாளரைப் பார்த்து 'உங்களுக்கு இது விளையாடத் தெரியாதா' என்று கேட்டது, பதினான்கு குறைவு. ரோபோவாக இருந்த குழந்தை சுவரைக் கண்டதும் தானாக நின்றது, சுயசிந்தனை, இருபது குறைவு.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா துணி தைப்பவள். கடிதத்தை ஒரு கையில் வாங்கிப் படித்துக்கொண்டே இன்னொரு கையால் துணியைத் தள்ளித் தைத்தாள்.

"அழுதியா?"

"இல்ல. நகல் எடுத்து வச்சேன்."

அக்கா தையல் இயந்திரத்தின் மிதியை நிறுத்தினாள். தங்கையை அவளுக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயசில் அடித்தால் அழ மாட்டாள். அடித்த தேதியை எழுதி வைத்துக்கொள்வாள்.

"என்னடி பண்ணப் போற அந்த ஆளை?"

"நான் யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டேன்க்கா. அவங்க சொன்னதை அப்படியே செய்யப் போறேன். ஒரு எழுத்து குறையாம."

"அடிப்பாவி," என்றாள் அக்கா. "அதுக்கு அவரைக் கூப்பிட்டு நாலு சாத்து சாத்திடலாமே. பாவம் இல்லையா?"

"உன் அளவு நாடாவை ஒரு வாரத்துக்குக் குடு."

முதலில் ஒரு கடிதம் எழுதினாள். பொருள்: ரோபோ எப்போது நிற்கும் என்பது குறித்துத் தெளிவுரை வேண்டுதல். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. 'ரோபோ, தான் கடைசியாகப் பெற்ற கட்டளையை அடுத்த கட்டளை வரும்வரை தொடர வேண்டும். எதிரில் தடை இருப்பின் தடையே தவறு. ரோபோ தானாக நின்றால், திட்டம் அவ்விடத்தில் தோல்வி அடைந்ததாகப் பதியப்படும். ஒப்பம், இயக்குநர்.' அவள் அதை இரண்டு முறை படித்தாள். பசிக்கிற நேரத்தில் சாப்பாட்டு மணி கேட்டதுபோல இருந்தது.

அடுத்த கடிதத்தை மூன்று முறை திருத்தி எழுதினாள். 'படத்தில் தங்களைக் கண்டு மகிழும் எங்கள் குழந்தைகள், இரண்டாம் ஆய்வு நாளில் தங்களையே ரோபோவாகக் காண ஏங்குகிறார்கள். ஏழைப் பள்ளியின் இந்த விண்ணப்பத்தைத் தாங்கள் தட்ட மாட்டீர்கள் என்று நம்புகிறோம்.'

இதற்கு மூன்றே நாளில் பதில் வந்தது. இயக்குநர் சம்மதிக்கிறார். மேலிடத்து மதிப்பீட்டுக் குழுத் தலைவியும் அன்று உடன் வருவார். திட்டத்தை எல்லாப் பள்ளிகளுக்கும் விரிப்பதா, அல்லது இத்தோடு மூடுவதா என்பது அன்றைக்குத்தான் முடிவாகும். படமெடுப்பவருக்கு நல்ல வெளிச்சம் தேவை. ஆகவே கதவைத் திறந்து வைக்கவும்.

டீச்சர் கதவுக்கு எண்ணெய் போட்டாள்.

விரிப்பிலிருந்து வாசல் ஒன்பது அடி. வாசலுக்கு வெளியே தாழ்வாரம், அதைத் தாண்டினால் முற்றம், முற்றத்தின் முடிவில் பிள்ளைகள் கை கழுவும் சிமெண்டுத் தொட்டி, தொட்டிக்குப் பின்னால் மதில். எல்லாம் நூல் பிடித்தாற்போல் ஒரே நேர்கோட்டில். அளவு நாடாவால் அளந்து எழுதிக்கொண்டாள். பிறகு மூன்று வாரம், சாக்கட்டிக் கட்டத்தில் ஒத்திகை.

"கடைசிச் சீட்டு எது?"

"முன்னே," என்றன இருபத்தாறு குரல்கள்.

"அதை எப்போ காட்டணும்?"

"மூக்கு வாசலுக்கு நேரா இருக்கும்போது."

வாயாடி கை தூக்கினாள். "அப்புறம் பெட்டி காலி. மெஷின் எப்படி டீச்சர் நிக்கும்?"

"அது கையேட்டுல இல்ல கண்ணு."

"பாவம் டீச்சர்." கொஞ்சம் யோசித்தாள். "பெரிய மெஷினா?"

"ரொம்பப் பெரிய மெஷின்."

"அப்போ பரவால்ல."

ஆய்வு நாள் வந்தது. மூன்று வண்டிகளில் வந்து இறங்கினார்கள். குழுத் தலைவி நரைத்த தலையும் சின்னக் குறிப்பேடுமாக, எதையும் இரண்டு முறை பார்க்கும் அம்மா. பிள்ளைகள் உட்காரும் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். பயிற்சியாளர் மதிப்பெண் தாளோடு மூலையில் நின்றார். தலைமை ஆசிரியர் எதுவும் தெரியாதவராகக் கதவோரம் நின்றார். பளபளக்கும் தோல் செருப்பில் இயக்குநர் விரிப்பின் மேல் ஏறி நின்று உரையாற்றினார்.

"குழந்தைகளே, நான் இங்க இயக்குநரா வரல, ஒரு குழந்தையாதான் வந்திருக்கேன். இந்த விளையாட்டு எனக்கு எப்படித் தோணுச்சுன்னு எல்லாரும் கேக்குறாங்க. ஒருநாள் ஒரு பள்ளிக்கூடத்துல கூரையைப் பாக்கப் போனேன். சாதாரண ஆளா இருந்தா கூரையைப் பாத்திருப்பான். நான் பாக்கல. அதுதான் தொலைநோக்கு."

கூரையிலிருந்து ஒரு சொட்டு வாளியில் விழுந்தது.

"ரோபோன்னா என்ன? யோசிக்காது. எதிர்த்துக் கேக்காது. சொன்னதைச் செய்யும். அப்படி ஒரு தலைமுறையை உருவாக்குறதுதான் நம்ம கனவு. சிலபேர், திரை இல்லாம இது நடக்குமான்னு சந்தேகப்பட்டாங்க. எங்க துறையில நாங்க முப்பது வருஷமா திரை இல்லாமத்தான் இதை நடத்திட்டு வர்றோம்."

குழுத் தலைவி எதையோ குறித்துக்கொண்டார்.

டீச்சர் வாயை இறுக மூடிக்கொண்டு, கையால் சைகை காட்டினாள். வகுப்பு தொடங்கியது.

வாயாடி 'எடு' சீட்டைக் காட்டினாள். இயக்குநர் குனிந்து பந்தை எடுத்தார். அடுத்த சீட்டு வரவில்லை. கட்டளை தொடர வேண்டுமே என்று தரையில் கிடந்த பென்சிலை எடுத்தார், ரப்பரை எடுத்தார், யாருடையதோ ஒற்றைக் காலுறையை எடுத்தார். 'வை' வந்தது. எல்லாவற்றையும் வைத்தார், பிறகு தன் பேனாவை வைத்தார், மூக்குக் கண்ணாடியை வைத்தார். பயன்படுத்திய சீட்டை ஒரு பிள்ளை உறையிலிட, இன்னொரு பிள்ளை முத்திரை குத்தியது. 'இடது' வந்தது. இயக்குநர் இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். பிள்ளைகள் அவசரப்படவில்லை. பதினோரு சுற்று ஆனதும் 'வலது' வந்தது. ஏழு சுற்று. மணி பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் ஒரு விரலைத் தூக்கினாள், பன்னிரண்டாம் நிமிடம். இருபத்தாறு பிள்ளைகளும் சிரித்தார்கள்.

"நேரம் துல்லியம்," என்று பயிற்சியாளர் தாளில் எழுதினார்.

இயக்குநரின் மூக்கு வாசலுக்கு நேராக வந்த கணத்தில் 'பாராட்டு' வந்தது. அவர் தள்ளாடியபடி நின்று தனக்குத் தானே கை தட்டினார். எல்லோரும் முடித்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார். அதில் அவருக்குக் கஷ்டம் இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகு வாயாடி கடைசிச் சீட்டை, இரண்டு கையாலும், தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

இயக்குநர் விரிப்பைக் கடந்தார். வாசலைக் கடந்தார். தலைமை ஆசிரியர் கதவோரம் ஒதுங்கி வழிவிட்டார். தாழ்வாரத்தில் திரும்பிப் பார்க்காமலே, "அடுத்த சீட்டு," என்றார் இயக்குநர் மெதுவாக. முற்றத்தில் கொஞ்சம் சத்தமாக, "அடுத்த சீட்டும்மா," என்றார். எல்லோரும் அவர் பின்னால் போனார்கள். கண்ணாடி இல்லாததால் தொட்டி அவருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரிந்தது. முழங்கால் தொட்டியின் விளிம்பைத் தொட்டதும் அவர் உடம்பு தயங்கியது.

"நின்னுட்டாரா?" என்று குழுத் தலைவி பேனாவைத் திறந்தார். "அவர் கையெழுத்துப் போட்ட தெளிவுரையின்படி, தானா நின்னா திட்டம் தோல்வின்னு பதியணும். இந்த டீச்சர் நகல் அனுப்பியிருந்தாங்க."

இயக்குநர் காலைத் தூக்கித் தொட்டிக்குள் வைத்தார்.

அன்று காலை சின்ன வகுப்புக்கு ஓவியப் பாடம். இருபத்தாறு பேரும் தூரிகை கழுவிய தண்ணீர் அது. ஊதாவா பச்சையா என்று சொல்ல முடியாத நிறம். அதில் இரண்டு அடி நடந்ததும் மதில் வந்தது. இயக்குநர் மதிலில் நெஞ்சு இடிக்க, இருந்த இடத்திலேயே கால் மாற்றி மாற்றி நடந்தார். சளப் சளப் என்று சத்தம் வந்தது.

"தடையே தவறு," என்று பயிற்சியாளர் கையேட்டைப் பார்த்துச் சொன்னார். "சுவர்கிட்ட விளக்கம் கேக்கணும்."

தலைமை ஆசிரியர் உடனே ஒரு தாளை எடுத்து, சுவர் சார்பாக எழுதத் தொடங்கினார்.

டீச்சர் பயிற்சியாளரிடமிருந்து மதிப்பெண் தாளையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு தொட்டியருகே போனாள். பாடவேளை முடிவதற்குள் இயக்குநர் ஒப்பமிடாவிட்டால் தாள் செல்லாது. இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.

"ஏதாவது ஒரு சீட்டைக் காட்டும்மா," என்றார் இயக்குநர், பல்லுக்குள்.

டீச்சர் முத்திரையிட்ட ஆறு உறைகளை விசிறிபோல் விரித்துக் காட்டினாள்.

"வாயாலயாவது சொல்லித் தொலையேம்மா, நில்லுன்னு."

அவள் வாயில் விரல் வைத்து, தாளின் முதல் வரியைக் காட்டினாள். ஆசிரியர் வாய் திறந்தால் பத்து குறைவு. பிறகு கடைசி வரியைக் காட்டினாள். மொத்தம் நூறு. ஒப்பமிட இடம்.

இயக்குநர் அவளைப் பார்த்தார். வகுப்புக்கு வந்த நாளில் நாற்பது படம் எடுத்தபோதுகூட அவர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை. இப்போது நன்றாகப் பார்த்தார். தாளை மதிலில் வைத்து, நடந்துகொண்டே கையெழுத்துப் போட்டார். அவள் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பி நீட்டினாள். தேதி போடவில்லை. தேதி போட்டார். மறுபடி நீட்டினாள். பதவி எழுதவில்லை. அதையும் எழுதினார்.

மணி அடித்தது.

"அருமை," என்றார் குழுத் தலைவி. "கட்டளை வர்ற வரைக்கும் எவ்வளவு நேரம் தொடருதுன்னு நானும் இருந்து பாத்துட்டுத்தான் போகணும்." தாழ்வாரத்தில் நாற்காலி போடச் சொன்னார்.

"அதான் வகுப்பு முடிஞ்சிருச்சேம்மா," என்றார் இயக்குநர் டீச்சரிடம். குரல் சுற்றறிக்கை மாதிரி இல்லை. சாதாரண மனுஷன் குரலாக இருந்தது. "இப்போ சொல்லலாம்ல?"

டீச்சர் நாற்பது நிமிடம் கழித்து முதல் முறையாக வாய் திறந்தாள்.

"வகுப்பு முடிஞ்சா ரோபோ நிக்கலாமான்னு கையேட்டுல இல்ல சார். தெளிவுரை கேட்டு எழுதுங்க. உங்க ஆபீஸ்ல அஞ்சு வாரத்துல பதில் போட்டுடுவாங்க."

தாளை நான்காக மடிக்காமல், ஓரம் கசங்காமல், கோப்பில் வைத்து நாடாவைக் கட்டினாள். பிள்ளைகள் சாப்பாட்டுக்கு முன் கை கழுவ வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள்.

"டீச்சர், தொட்டியில ஆள் இருக்கு," என்றாள் வாயாடி.

"பெரிய வகுப்புக் குழாய்க்குப் போகலாம். முன்னாடி இருக்கறவங்க தோளைப் பிடிச்சுக்குங்க."

வாசலில் நின்று ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். இருபத்தாறு. ஒன்றுகூடக் குறையவில்லை.